யார்க்‌ஷர் வெயிலில் ஸ்வீட் கார்ன் விளையுமா?

நீங்கள் கேட்டிருப்பதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஏப்ரல் நடுவில் அலாட்மென்ட் (வாடகைக்கு எடுத்துப் பயிரிடும் தோட்டத் துண்டு) மண்ணில் நேராக ஊன்றிய விதை முளைக்கவே இல்லை. மே கடைசியில் மறுபடி ஊன்றியது வளர்ந்தது, ஆனால் கதிர்கள் பாதி பொக்கையாக நின்றன, செப்டம்பர் முடிந்த பிறகும் மணி பால் பிடிக்கவில்லை. ஊரில் வரப்போரம் விழுந்தாலே முளைக்கிற சோளத்துக்கு இங்கே என்ன வந்தது என்று கேட்கிறீர்கள். (ஸ்வீட் கார்ன் மக்காச்சோளத்தின் இனிப்பு வகை. இங்கே வெறும் சோளம் என்று எழுதுவதும் மக்காச்சோளத்தைத்தான்.) ஊரிலிருந்து விதை வாங்கி வந்து போட்டால் தேவலையா என்று கடைசியில் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருக்கிற கேள்வி ஒன்றுதான்: வடக்கு இங்கிலாந்தின் கோடை இந்தப் பயிருக்குப் போதுமா? போதும். ஆனால் மட்டுமட்டாகத்தான் போதும். ஊரில் இரண்டு வாரம் முன்னே பின்னே விதைத்தால் ஒன்றும் ஆகாது. இங்கே அந்த இரண்டு வாரம்தான் கதிருக்கும் வெறும் தட்டைக்கும் உள்ள வித்தியாசம்.

கோவையில் வேளாண்மை படித்தவன் நான். அங்கே மக்காச்சோளம் என்றால் தண்ணீர், உரம், இப்போது படைப்புழு, இவைதான் பேச்சு. வெப்பம் போதுமா என்ற கேள்வியே பாடத்தில் வராது. இங்கிலாந்துக்கு வந்து நாற்றுப் பண்ணைகளில் வேலை பார்த்த பிறகுதான் அதே பயிரை வேறு கணக்கில் பார்க்கப் பழகினேன். என் அனுபவம் யார்க்‌ஷர், லங்காஷர், அதற்குத் தெற்கே உள்ள பகுதிகள். ஸ்காட்லாந்தின் வடக்கில் இருப்பவர்கள் கீழே வரும் தேதிகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பாலித்தீன் கூடாரத்துக்குள் வளர்ப்பதைத்தான் நான் சொல்வேன்.

முதலில் வெப்பக் கணக்கு. மக்காச்சோளம் மெக்சிகோவில் பிறந்த பயிர். பால்சாஸ் ஆற்றுப் படுகையில் டியோசின்டி என்ற காட்டுப் புல்லிலிருந்து சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. கரும்பையும் கம்பையும் போல இதுவும் சி4 வகைத் தாவரம், வெயில் ஏற ஏற வேகமெடுக்கும், குளிர்ந்தால் சுணங்கிவிடும். 10 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் ஒரு நாளின் சராசரி வெப்பநிலையில் 10-ஐக் கழித்து, மிஞ்சுவதை அன்றைய வரவாக எழுதிக்கொண்டே போவது வேளாண்மையில் பழைய வழக்கம். கோவையில் சராசரி 26 டிகிரி உள்ள நாளில் வரவு 16. யார்க்‌ஷரில் ஜூலையில்கூடச் சராசரி 16, 17-தான், வரவு 6 அல்லது 7. மே மாதத்தில் நாளுக்கு ஒன்றிரண்டு கிடைத்தால் அதிகம். அமெரிக்க விதைப் பொட்டலத்தில் 70 நாள் என்று அச்சிட்டிருப்பது அந்த ஊர்க் கோடையை வைத்து. இங்கே அதே ரகம் விதைத்ததிலிருந்து நான்கு மாதம் எடுத்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

இந்தக் கணக்கு கொஞ்சம் முரட்டுக் கணக்குதான். இரவு 8 டிகிரி, பகல் 18 டிகிரி என்றால் சராசரி 13 வரும், வரவு 3 என்று எழுதுவோம். செடியோ பகலில் அதைவிட நன்றாகவே வளர்ந்திருக்கும். ஆனாலும் இது ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. ஏப்ரலில் வெளி மண்ணில் கிடக்கும் விதைக்கு வரவு பூஜ்யம். சீக்கிரம் ஊன்றியதால் ஒரு நாள்கூட முந்தவில்லை, அழுகுவதற்கான நாள்கள்தான் கூடின. குளிர் நாட்டில் முந்துவதற்கு வழி இரண்டே: செடியின் இளமைப் பருவத்தை வீட்டுக்குள் கழிக்க வைப்பது, குறைந்த வரவிலேயே கதிர் விடும் ரகத்தை எடுப்பது. மற்றதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

உங்கள் ஏப்ரல் விதை ஏன் போயிற்று என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடையில் எந்தப் பொட்டலத்தை எடுப்பது என்பதும் இதோடு ஒட்டியது. ஸ்வீட் கார்ன் விதையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஊர்ச் சோளம்போல வழவழவென்று இருக்காது, சுருங்கி, வற்றிப்போய் இருக்கும். சர்க்கரை மாவாக மாறுவதைத் தடுக்கிற ஒரு மரபணு மாற்றம்தான் அந்தச் சுருக்கத்துக்குக் காரணம். மாவு குறைவு என்றால் முளைக்கும் குருத்துக்குக் கட்டிக்கொடுத்த சோறு குறைவு. பழைய வகையில் இந்தச் சுருக்கம் மிதமானது. சூப்பர்ஸ்வீட் என்று விற்கும் வகையில் மிக அதிகம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் லாஃப்னன் 1953-இல் எழுதி வெளிக்கொண்டுவந்த ‘சுருங்கிய’ மரபணுவின் வழிவந்தவை இவை. பழைய வகையைவிட இரண்டு மூன்று மடங்கு சர்க்கரை, பறித்த பிறகும் பல நாள் இனிப்பு நிற்கும். கடைக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் விதையில் தெம்பு கிடையாது. பழைய வகை 10 டிகிரி மண்ணில் மெல்ல, மூன்று வாரம் எடுத்தாவது எட்டிப்பார்க்கும். சூப்பர்ஸ்வீட்டுக்கு 16, 18 டிகிரியாவது வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மணியின் தோல் மெலிந்த, இனிப்பு கூடிய வகைகளும் வந்துவிட்டன. பொட்டலத்தில் ‘டெண்டர்ஸ்வீட்’ என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள்.

விதை ஊறும் முதல் ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். காய்ந்த விதை தண்ணீரை உறிஞ்சும்போது அதன் உயிரணுச் சவ்வுகள் மறுபடி ஒழுங்காக அமைய வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீர் சில்லென்று இருந்தால் சவ்வு சரியாகச் சேராமல் உள்ளிருக்கும் சர்க்கரை வெளியே கசிகிறது. மண்ணிலுள்ள பூஞ்சைகளுக்கு அது விருந்து. இப்படி ஒருமுறை அடிபட்ட விதை, அடுத்த வாரம் வெயில் வந்தாலும் தேறுவதில்லை. முன்பு விதைகள் திராம் என்ற பூஞ்சைக்கொல்லி பூசி இளஞ்சிவப்பாக வரும், கொஞ்சம் குளிரைத் தாங்கும். அந்த மருந்து இப்போது வழக்கொழிந்துவிட்டது, நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பூச்சில்லாத விதை. யார்க்‌ஷர் மண் ஏப்ரல் நடுவில் பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழேதான் இருக்கும். உங்கள் விதையில் குறை இருந்திருக்கலாம், எலி தின்றிருக்கலாம் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். இருக்கலாம்தான். ஆனால் அந்த மண்ணில் நல்ல விதையும் முளைத்திராது.

அதனால் வீட்டுக்குள் விதைப்பதுதான் வடக்கில் வழி. யார்க்‌ஷருக்கு ஏப்ரல் கடைசி வாரம் அல்லது மே முதல் வாரம். அதற்கு முன்னால் விதைத்தால் நாற்று தொட்டிக்குள் வேர் சுற்றிப்போய், வெளியே குளிரும் விடாமல், திண்டாடும். தொட்டி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருப்பது முக்கியம். ரூட் ட்ரெய்னர் என்று விற்கும் நீளக் குழி அச்சுகள் நன்றாக உதவும், இல்லாவிட்டால் 9 சென்டிமீட்டர் தொட்டி போதும். டாய்லெட் பேப்பர் அட்டைக் குழலை வைத்துப் பலர் செய்கிறார்கள். செலவில்லாத வழிதான், ஆனால் அட்டை ஈரத்தில் பூசணம் பிடிக்கும், நட்ட பிறகு மட்கவும் நாளாகும். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. விதைக்கும் கம்போஸ்ட்டை முதல் நாளே வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். தோட்டக் கொட்டகையில் குளிர்ந்து கிடந்த மூட்டையைப் பிரித்து அப்படியே விதைத்தால் ஏப்ரல் மண்ணில் ஊன்றியதுபோலத்தான். தொட்டிக்கு ஒரு விதை, 2.5 சென்டிமீட்டர் ஆழம், வெதுவெதுப்பான தண்ணீர், 20 டிகிரியை ஒட்டிய இடம். ஒரு வாரம் பத்து நாளில் முளை தெரியும். தெரிந்த அன்றே வெளிச்சமுள்ள சன்னலோரத்துக்கு மாற்றிவிடுங்கள், வெப்பம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. இருட்டான சூடு நாற்றை நூலாக இழுத்துவிடும்.

விதையை ஊறவைக்கலாமா என்பதில் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். ஊரில் ஊறவைத்து விதைத்துப் பழகியவர்களுக்கு அது இயல்பாகத் தோன்றும். சூப்பர்ஸ்வீட் விதையைத் தண்ணீரில் முழுக முழுகப் போட்டுவைப்பதை நான் செய்வதில்லை. அது வேகமாக உறிஞ்சி வெடித்துப் போகும் அபாயம் உண்டு. ஈரத் துணியிலோ சமையலறைத் தாளிலோ வைத்து, மூடிய டப்பாவில் சூடான இடத்தில் வைத்து, வெள்ளை முளை தலைகாட்டியதும் எடுத்துத் தொட்டியில் வைப்பது நல்லது. ஊரில் தானியத்தை முளைகட்டுவது போலவேதான். முளைக்காதவை அங்கேயே தெரிந்துவிடும், தொட்டி வீணாகாது. வேர் நீண்டுவிடுமுன் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளியே நடும் நாள் உறைபனியைப் பொறுத்தது. யார்க்‌ஷர் சமவெளியில் மே கடைசி வாரம் வரை பொறுங்கள், மேட்டு நிலமாக இருந்தால் ஜூன் முதல் வாரம். அதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள், பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துச் செடியைப் பழக்க வேண்டும். இதில் அவசரப்படுபவர்கள்தான் அதிகம், சன்னலோர வெதுவெதுப்பிலிருந்து நேராகக் காற்றடிக்கும் நிலத்துக்குப் போன செடி வெளுத்துப்போய் இரண்டு வாரம் அசையாமல் நிற்கும், வீட்டுக்குள் சம்பாதித்த நாள்கள் அங்கே கரைந்துவிடும். நட்ட பிறகு எதிர்பாராத உறைபனி வந்து இலை கருகினால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். ஐந்தாறு இலைப் பருவம் வரை சோளத்தின் குருத்து மண்மட்டத்திலோ அதற்குக் கீழேயோ பத்திரமாக இருக்கும். மேலே கருகினாலும் உள்ளிருந்து புது இலை வரலாம். நாலைந்து நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மண்ணுக்குச் சூடேற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. மே தொடக்கத்திலேயே பாத்தியின் மேல் கறுப்பு பாலித்தீன் விரித்து ஓரங்களை மண்ணில் புதைத்துவிடுங்கள். நடும்போது அதிலேயே துளையிட்டு நடலாம், களையும் வராது. நட்ட பின் மூன்று நான்கு வாரம் ஃப்ளீஸ் என்ற மெல்லிய போர்வைத் துணியால் மூடினால் காற்று அடங்கும், உள்ளே ஓரிரு டிகிரி கூடும், காகக் கூட்டமும் நாற்றைப் பிடுங்காது. இலை உரசும் உயரம் வந்ததும் எடுத்துவிடலாம். இங்கிலாந்தின் தென் கரையிலும் ஐல் ஆஃப் வைட் தீவிலும் வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள் பாலித்தீன் படலத்துக்கு அடியில் விதைத்துத்தான் பருவத்தை முந்துகிறார்கள். ஜூன் குளிரில் இலை ஊதாநிறமானால் பயப்பட வேண்டாம். குளிர்ந்த மண்ணில் வேரால் மணிச்சத்தை (பாஸ்பரஸை) எடுக்க முடியாததன் அறிகுறி அது. மண்ணில் மணிச்சத்து இல்லை என்று முடிவுகட்டி உரத்தைக் கொட்ட வேண்டாம், மண் சூடேறினால் பச்சை திரும்பிவிடும்.

உரமும் தண்ணீரும் நீங்கள் ஏற்கெனவே அறிந்த விஷயம், சுருக்கமாகவே சொல்கிறேன். இது தழைச்சத்தை நிறையக் கேட்கும் பயிர். மக்கிய தொழுவுரம் போட்ட பாத்தியில், முழங்கால் உயரம் வந்ததும் கோழி எருக் குருணையைச் செடியைச் சுற்றித் தூவி மண் அணைத்துவிடுங்கள். தண்டின் அடியில் வரும் தாங்கு வேர்களுக்கு அந்த மண் பிடிப்பு கொடுக்கும். தண்ணீர் தவறவே கூடாத நேரம் ஆண் பூ விரிவதிலிருந்து மணி நிறைவது வரை. மழை நாடுதானே என்று விட்டுவிட வேண்டாம், ஜூலை கடைசியில் இங்கேயும் மண் காயும். தண்டின் அடியிலிருந்து பக்கக் கிளைகள் வெடித்தால் கிள்ளத் தோன்றும். கிள்ளுவதால் கதிர் பெரிதாகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, அந்த இலைகளும் செடிக்குச் சோறு சமைக்கின்றன. விட்டுவிடுங்கள்.

இனி பொக்கைக் கதிர். நீங்கள் வேலியோரமாக ஒரே வரிசையில் நட்டதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் அங்கேயே இருக்கிறது. சோளத்துக்குத் தேனீ வேண்டாம், காற்றுதான் எல்லாம். உச்சியில் உள்ள ஆண் பூவிலிருந்து மகரந்தம் கீழே உதிரும். கதிரின் நுனியில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் உள்ளே ஒரே ஒரு மணிக்குப் போகிறது. ஒரு கதிரில் பல நூறு இழைகள், அவற்றில் மகரந்தம் படாத இழையின் மணி நிறையாது. மகரந்தம் கனமானது, பெரும்பகுதி சில மீட்டருக்குள் விழுந்துவிடும். ஒற்றை வரிசையில் குறுக்கே காற்றடித்தால் அத்தனையும் பக்கத்துக்காரர் உருளைக்கிழங்குக்குப் போகும். சதுரமாக நடுங்கள். நாலுக்கு நாலு, பதினாறு செடியாவது இருக்கட்டும், செடிக்குச் செடி 35 முதல் 45 சென்டிமீட்டர். இடம் அவ்வளவு இல்லையென்றால் வேறு பயிரைக் குறையுங்கள். நாலைந்து செடிக்காக இந்தப் பாடு படுவதில் அர்த்தமில்லை.

எங்கே பொக்கை என்று பார்த்தும் காரணம் சொல்லலாம். கதிர் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி இருந்தால் மகரந்தம் போதவில்லை. நுனி மட்டும் வெறுமையாக இருந்தால் வேறு கதை. அடி மணிகளின் இழைதான் முதலில் வெளிவரும், நுனி மணிகளின் இழை கடைசியில். அதற்குள் மகரந்தம் தீர்ந்திருக்கும், அல்லது தண்ணீரோ உரமோ போதாமல் செடி நுனியைக் கைவிட்டிருக்கும். மழை தொடர்ந்து பெய்யும் வாரத்தில் பூத்தால் மகரந்தப் பைகள் திறக்காது. அந்த மாதிரி நேரத்தில் கையால் உதவலாம். காலையில் பனி உலர்ந்த பிறகு, பத்து பதினொரு மணிக்கு, ஆண் பூவை ஒரு காகிதப் பைக்குள் விட்டுத் தட்டி, விழும் மஞ்சள் தூளை இழைகள் மேல் தூவுங்கள். சிறிய பாத்தியில் இதற்கு நிச்சயமாகப் பலன் உண்டு. தினமும் செடியைப் பிடித்து உலுக்கச் சொல்கிறார்களே, காற்று அடிக்கும் அலாட்மென்ட்டில் அது பெரிதாக ஒன்றும் கூட்டித்தருமா என்பது எனக்குச் சந்தேகம்தான். காற்று புகாத கொல்லையிலும் கூடாரத்திலும் செய்யலாம், கெடுதல் ஒன்றும் இல்லை.

மகரந்தத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மற்ற காய்களில் பக்கத்துச் செடியின் மகரந்தம் பட்டால் விளைவு அடுத்த தலைமுறையில்தான் தெரியும். சோளத்தில் நாம் தின்பதே விதை என்பதால் அதே ஆண்டு, அதே கதிரில் தெரிந்துவிடும். பழைய வகையையும் சூப்பர்ஸ்வீட்டையும் அருகருகே நட்டு இரண்டும் ஒரே வாரத்தில் பூத்தால், இரண்டிலும் மணி மாவுபோல ஆகிவிடும், இரண்டு இனிப்பும் போய்விடும். ஒரு அலாட்மென்ட்டுக்குள் 75 மீட்டர் இடைவெளி விட நம்மால் முடியாது, ஆகவே ஆண்டுக்கு ஒரு வகை என்று வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துப் பாத்திக்காரரையும் என்ன போடுகிறார் என்று கேட்டுவிடுங்கள். மாட்டுத் தீவனத்துக்கு மக்காச்சோளம் வளர்க்கும் வயல் அருகில் இருந்தாலும் இதே தொல்லைதான், அங்கே நாம் செய்யக்கூடியது பூக்கும் நேரம் பத்து பதினைந்து நாள் தள்ளி வரும்படி பார்ப்பது மட்டுமே.

ரகத்துக்கு வருகிறேன். வடக்கில் ‘மிக முந்தியது’ என்று சொல்லப்படும் ரகங்களைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்க வேண்டாம். ஸ்விஃப்ட் என்ற கலப்பின ரகம் குட்டையாக வளர்ந்து முந்திக் கதிர் விடும், குளிர் மண்ணையும் ஓரளவு பொறுக்கும். முதல் ஆண்டு ஒன்றே ஒன்று போடுவதானால் அதைத்தான் சொல்வேன். லார்க் அதற்குக் கொஞ்சம் பின்னால் வரும், மென்மையான மணி. சன்டான்ஸ் பழைய ரகம், சுமாரான கோடையிலும் கைவிடாது என்ற பெயர் அதற்கு உண்டு. கோல்டன் பேண்டம் 1902-இல் அமெரிக்காவில் பர்ப்பீ நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அதுவரை அங்கே வெள்ளை மணிதான் விருந்துக்குரியது, மஞ்சள் மணி மாட்டுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களை இது மாற்றியது. கலப்பினம் இல்லாததால் விதை எடுத்து வைக்கலாம், சோள வாசனை அதில்தான் உண்டு என்பது என் நாக்கின் கட்சி. ஆனால் பறித்த சில மணி நேரத்தில் சமைக்க வேண்டும். சூப்பர்ஸ்வீட் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் முளைக்க வைத்துவிட்டால் அதன் முதல் பலவீனம் தாண்டிவிடுகிறது. அதன் பிறகும் குளிர் ஜூனில் அது பின்தங்குகிறதா என்பதில் ரகத்துக்கு ரகம் வேறுபாடு பார்த்திருக்கிறேன், பொதுவாக ஒரு முடிவு சொல்ல முடியவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். சோளத்தோடு பீன்ஸும் பூசணியும் சேர்த்து நடும் அமெரிக்கப் பூர்வகுடிகளின் முறையைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் நிறைய. அவர்கள் நட்டது உயரமாக வளர்ந்து காய்ந்து நிற்கும் மாவுச் சோளம், அவர்கள் ஊர்க் கோடையும் நீளம். இங்கே இடுப்பளவு ஸ்விஃப்ட் செடி மேல் ரன்னர் பீன்ஸ் ஏறினால் செடி சாயும். பூசணியை மட்டும் கீழே படரவிடலாம், அதுவும் கதிர் பறிக்கப் போகும்போது கால் வைக்க இடமிருக்காது.

விலங்குகளில் எலியும் ஓடில்லா நத்தையும் நாற்றோடு நின்றுவிடும். பயமுறுத்துவது பேட்ஜர்தான், வளை தோண்டி வாழும் இரவு விலங்கு. கதிர் பால் பிடிக்கும் சரியான இரவைக் கணக்காகத் தெரிந்துகொண்டு வந்து, பாத்தி முழுவதையும் மிதித்துச் சாய்த்துவிட்டுப் போகும். ஊரில் காட்டுப்பன்றி செய்வதைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாகத் தெரியாது. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பிடிக்கவோ துன்புறுத்தவோ கூடாது. தாழ்வான மின்வேலிதான் வேலை செய்கிறது, அதற்கும் உங்கள் அலாட்மென்ட் சங்கத்தின் அனுமதி வேண்டியிருக்கும்.

பறிக்கும் பருவம் உங்களுக்குக் கையிலேயே தெரியும் என்று நினைக்கிறேன், ஊரில் கதிரின் பால் பருவம் பார்த்தவர்தானே. இழை பழுப்பாகிக் காய்ந்ததும் தோகையைக் கொஞ்சம் விலக்கி ஒரு மணியில் நகத்தை அழுத்துங்கள். தெளிந்த நீர் வந்தால் பொறுக்க வேண்டும், பால் வந்தால் அன்றைக்கே பறிக்க வேண்டும், மாவாக ஒட்டினால் தாமதித்துவிட்டீர்கள். வெப்ப நாட்டில் இழை வந்ததிலிருந்து மூன்று வாரம் என்பது இங்கே நான்கு வாரம், குளிர்ந்த செப்டம்பரில் இன்னும் கூடும். ஜூலைக் கடைசியில் இழை வந்த செடி ஆகஸ்ட் இறுதியில் கதிர் கொடுக்கும். ஆகஸ்ட் இருபதுக்குப் பிறகு இழை வந்தால் பெரும்பாலும் நிறையாது, உங்களுக்குப் போன ஆண்டு நடந்தது அதுதான். அப்படித் தாமதமாகிவிட்ட செடியில் இழை எட்டிப்பார்த்த உடனேயே விரல் நீளக் கதிராக ஒடித்து பேபி கார்னாகச் சமைத்துவிடலாம், அதற்கு மகரந்தமும் வேண்டாம், செப்டம்பர் வெயிலும் வேண்டாம். பழைய வகையாக இருந்தால் பறித்த ஒரு நாளில் அறைச் சூட்டிலேயே சர்க்கரையில் ஒரு நல்ல பங்கு மாவாகிவிடும் என்பதால், அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுப் பறிக்கப் போகச் சொல்லும் இங்குள்ள பழைய தோட்டக்காரர்கள் மிகைப்படுத்தவில்லை.

ஊர் விதை பற்றிய உங்கள் கடைசி வரிக்கு என் பதில், வேண்டாம். வெப்ப மண்டல மக்காச்சோள ரகங்கள் பல, பகல் குறுகினால்தான் ஒழுங்கான காலத்தில் பூக்கும். கோவையில் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்துக்குள்தான். யார்க்‌ஷரில் ஜூன் மாதத்தில் 17 மணி நேரம். அந்த வெளிச்சத்தில் ஊர் ரகம் பூக்கும் நினைப்பே இல்லாமல் இலைக்கு மேல் இலை விட்டு ஆள் உயரத்தைத் தாண்டும், பகல் குறைந்து அது பூக்க நினைக்கும்போது செப்டம்பர் முடிந்திருக்கும். ஊர்க் கடையில் ‘சீக்கிரம் விளையும்’ என்று எழுதியிருப்பது அந்த வெப்பத்துக்கும் அந்தப் பகலுக்கும். போதாததற்கு, செடிநலச் சான்று இல்லாமல் சோள விதையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சட்டம் இடம் தராது. இங்கேயே கலப்பின விதை ஒரு பொட்டலம் வாங்குங்கள், அடுத்த பருவத்துக்கு மிச்சம் வைத்தால் காற்றுப்புகாத டப்பாவில் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஸ்வீட் கார்ன் விதைக்கு ஆயுள் குறைவு, இரண்டாம் ஆண்டிலேயே முளைப்பு இறங்கும், சூப்பர்ஸ்வீட்டில் இன்னும் வேகமாக. பழைய பொட்டலத்தை நம்பிப் பாத்தி போடுமுன், ஏப்ரல் தொடக்கத்தில் பத்து விதையை ஈரத் தாளில் முளைகட்டிப் பாருங்கள். ஆறுக்குக் குறைவாக முளைத்தால் புதிது வாங்க அப்போதும் நேரம் இருக்கும்.